ஓரிரு இடங்களில் பூநாரை

பழவேற்காட்டில் பறவை பார்க்க வருகிறவருக்கு இரண்டு சாமான் தேவை. ஒன்று தொலைநோக்கி. இன்னொன்று, வானிலையைப் பற்றிச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம். முதலாவது இல்லாவிட்டால் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதை இரவல் வாங்கினால் ஊரில் மதிக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் நிரந்தர உறுப்பினர்கள் நாலு பேர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னும் வேலைக்கே போகாததால் ஓய்வுபெற வழியில்லாத ஒரு தம்பி, அப்புறம் நான். விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரை டீக்கடை பெஞ்சில் கூடுவோம். பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, உள்ளான் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் கூடுவதன் நோக்கம். அங்கே நடப்பதோ, இன்றைக்கு மழை உண்டா இல்லையா என்கிற வழக்கு. முதல் டீ வருவதற்குள் வாதி, பிரதிவாதி இருவரும் பேசி முடித்திருப்பார்கள். இரண்டாவது டீயில் மேல்முறையீடு. இதற்கிடையில் ஒரு பெரிய பூநாரைக் கூட்டம் வந்து இறங்கி, சாப்பிட்டுவிட்டு, எழுந்து போயிருக்கும். நாங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

"இன்னைக்கு என்ன பறவை பார்த்தீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். "தென்மேற்கு வங்கக்கடல்ல ஒரு காற்றழுத்தத் தாழ்வு" என்று வாயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கேள்வி வருவதில்லை.

மற்ற ஊர்களில் வானிலை பேசுவது நேரம் போக. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச ஒன்றும் கிடைக்காதபோது "என்னா வெயில், என்னா வெயில்" என்போமே, அந்த ரகம். பழவேற்காட்டில் அந்தப் பேச்சு செல்லாது. இங்கே பெஞ்சில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மழை தேவைப்படுகிறது. வானத்தில் இருப்பதோ ஒரே மழை. அதில்தான் தகராறு.

வலைக்காரப் பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நல்ல மழை பெய்ய வேண்டும், ஆரணியாற்றில் வெள்ளம் வர வேண்டும். அந்த வேகத்தில் முகத்துவாரத்தில் சேர்ந்த மணல் அறுத்துக்கொண்டு போனால்தான் கடல் தண்ணீரும் இறால் குஞ்சும் ஏரிக்குள் வரும், படகும் சிரமமில்லாமல் கடலுக்குப் போகும். ஆனால் அவருக்குப் பாடு வருகிற நாளில் மழையும் கூடாது, காற்றும் கூடாது. பாடு என்பது இன்னார் இன்ன நாளில் ஏரியின் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்ட ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஆகவே பெரியவர் விரும்புவது இதுதான்: வெள்ளம் வர வேண்டும், அது அடுத்தவர் முறையில் வர வேண்டும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்களாகக் கண்டுபிடித்தது.

கருவாட்டு ஆயாவுக்கு மழையே வேண்டாம். மணலில் பரப்பிய நெத்திலி காய்ந்து கூடைக்குள் போகிறவரைக்கும் வருண பகவான் வேறு மாவட்டத்தில் இருந்துகொள்ளலாம். "ஒரு தூத்தல் வுழுந்துச்சின்னா மூணு நாள் வெயிலு வீணாப் பூடும், தெரியுமா?" என்று எங்களைப் பார்த்துத்தான் கேட்பார், தூற்றலை அனுப்பியவர்கள் நாங்கள் என்பது போல. டீக்கடை அண்ணனுக்குத் தூற்றல் மட்டும் போதும். அதிலும் அளவு உண்டு. தெருவில் போகிறவன் கடையின் தார்ப்பாய்க்குள் ஒதுங்கவேண்டும், வீட்டிலிருப்பவன் வெளியே வரத் தயங்கக் கூடாது. அப்படிப்பட்ட மழை ஐப்பசியில் எப்போதாவது பெய்யும். அன்றைக்கு அவர் எங்களுக்குக் கேட்காமலே பொறை எடுத்து வைப்பார்.

பறவைக்காரர்களான எங்களுக்கு? நீர் வேண்டும், ஆனால் கணுக்காலுக்கு மேல் கூடாது. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று பெயரே தவிர, பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பூநாரைக்கு அதுவே அதிகம். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றோடு உறிஞ்சி, பொடிப் பாசியையும் கூனிப் பூச்சியையும் வடிகட்டித் தின்கிற ஜீவன் அது. அதன் ரோஜா நிறமே அந்தச் சாப்பாட்டில் வந்த நிறம். தண்ணீர் ஏறிவிட்டால் அதற்குச் சோறு எட்டாது. ஆழம் குறைந்த இடம் தேடி வடக்கே ஆந்திரப் பக்கம் போய்விடும். அங்கே சூளூர்ப்பேட்டையில் அதற்கென்று விழாவே எடுக்கிறார்கள். இங்கே நாங்கள் நாலு பேர் டீ குடிக்கிறோம். பூநாரையின் முடிவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனை பேருடைய ஆசையையும் தூக்கிக்கொண்டு தினமும் வானிலை அறிக்கை வந்து சேரும். "வடகடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." தபால்காரருக்கு இதில் வருத்தம் உண்டு. "வானிலை மையம் பொய் சொல்றதே இல்ல சார். ஆனா விலாசம் முழுசா எழுத மாட்டேங்குது. ஓரிரு இடம்னு போட்டா எந்தத் தெருவுல கொண்டுபோய்க் குடுக்கிறது?" என்பார். வாத்தியார் உடனே விளக்கத்துக்கு எழுந்துவிடுவார். அளவெடுக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை ஒரு சில இடங்கள். 75 வரை பல இடங்கள். அதற்கும் மேல் போனால் பெரும்பாலான இடங்கள். அதேபோல ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை, 115.6இல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்தப் பாடம் நடக்கிற நேரத்தில் நிஜமாகவே மழை வந்துவிட்டால், அது எந்த வகுப்பு மழை என்று தீர்மானமாகும்வரை யாரும் குடையைப் பிரிப்பதில்லை.

வாத்தியார் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படி இன்று காலை எட்டரை முதல் நாளைக் காலை எட்டரை வரை ஒரு மழைநாள். எட்டரை ஆனதும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார். அவருடைய அளவும் பொன்னேரியில் பதிவானதாகப் பேப்பரில் வருகிற அளவும் எப்போதும் ஒத்துப்போகாது. காரணம் தேடியதில், ஒரு காகம் அதிலிருந்து தண்ணீர் குடிப்பது தெரிந்தது. ஆராய்ச்சி அத்தோடு நிற்கவில்லை. ஒரு வாய்க்குக் காகம் எத்தனை மில்லிமீட்டர் குடிக்கும் என்று கணக்குப் போட்டு, அதை மொத்தத்தில் கூட்டி எழுத ஆரம்பித்தார். பிறகு மேலே கம்பிவலை போட்டார். காகம் வலையின்மேல் உட்கார்ந்து, இதுவரை எடுத்ததற்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்கியது. இப்போது கூட்டலா கழித்தலா என்பதில் அவருக்கே குழப்பம். பறவை பார்ப்பதில் எங்கள் குழுவில் ஆழமான அனுபவம் வாய்த்தவர் அவர் ஒருவர்தான் என்பேன்.

தம்பியின் வழி வேறு. அவனிடம் கைபேசி இருக்கிறது. அதில் காற்று பச்சையும் ஊதாவுமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் வானிலை மையத்து ரமணன் திரையில் தோன்றினாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்ட காலத்தைத் தம்பி சின்ன வயதில் பார்த்தவன். இப்போது அவனுக்கு 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் எழுதுவதுதான் வேதம். அவர் வானிலைத் துறை ஊழியரே இல்லை, ஆர்வத்தால் செய்கிறவர் என்பதில் தம்பிக்குத் தனிப் பெருமை. அதே ஆர்வத்தை வைத்துக்கொண்டு தான் இதுவரை ஒரு வாத்தைக்கூடச் சரியாகப் பெயர் சொன்னதில்லையே என்ற கவலை அவனுக்குக் கிடையாது.

"ஐரோப்பிய மாடல் மழைங்குது, அமெரிக்க மாடல் இல்லைங்குது" என்றான் ஒரு நாள்.

பெரியவர் பீடியை அணைத்தார். "ஐரோப்பாக்காரனுக்கு நம்ம முகத்துவாரம் எங்க கீதுன்னு தெரியுமா தம்பி?"

"நல்லாத் தெரியும்" என்றார் வாத்தியார். "1613லயே வந்து கோட்டை கட்டினவன்."

அது உண்மை. டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம் பெஞ்சிலிருந்து நடக்கிற தூரம்தான். பெரிய கப்பல் ஏரிக்குள் வர வழியில்லை. வெளியே கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, துணி மூட்டைகளைச் சின்னப் படகில் ஏற்றி அலைவாய் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். வாடைக் காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஆகவே அவர்களும் கரையில் உட்கார்ந்து, இன்றைக்குக் காற்று அடங்குமா, நாளைக்கா என்று பேசித்தான் பொழுதைப் போக்கியிருக்க வேண்டும். 1690இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தையே நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். நம் ஊர் வானிலைப் பேச்சைத் தாங்க முடியாமல்தான் போனார்கள் என்பது தபால்காரர் கட்சி. வரலாற்று ஆசிரியர்கள் இதை இன்னும் பரிசீலிக்கவில்லை. டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கத் தெரிந்தவர்கள், உள்ளே ஒரு மழைக் கணக்கையாவது கல்லில் வெட்டிவைத்திருக்கலாம் என்று வாத்தியாருக்கு மனக்குறை.

பெரியவர் கைபேசி பார்ப்பதில்லை. எழுந்து நிற்பார், முகத்தைத் திருப்புவார், அவ்வளவுதான். காற்று வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். "கச்சான் புடிச்சிட்டான், இனிமே பகல்ல காய்வான்" என்பார். தம்பி கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க தாத்தா, இதுலயும் மேற்குனுதான் போட்டிருக்கான்" என்பான். தாத்தாவின் சொல்லுக்குச் செயற்கைக்கோள் சாட்சி சொன்னதில் தாத்தாவைவிட அவனுக்குத்தான் நிம்மதி. ஆனால் பெரியவருடைய நிஜமான அறிக்கை வாயில் வருவதல்ல. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நைசாக எழுந்து போய், ஃபைபர் படகை இன்னும் பத்தடி மேட்டுக்கு இழுத்துப் போடச் சொல்வார். அதைப் பார்த்துவிட்டால் நாங்கள் வாதத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மாடியில் காயும் துணியை எடுக்கிறோம்.

புயல் காலம் வந்தால் எங்கள் பெஞ்சுக்குத் திருவிழா. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் பக்கத்திலேயே இருப்பதால் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி சூடாகவே வரும். கூண்டுகள் ஒன்றிலிருந்து 11 வரை. ஒன்றும் இரண்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். எண் ஏற ஏற ஆபத்து ஏறும். பத்தோடு ஆபத்து உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதற்கும் மேலே 11 எதற்கு என்றால், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம். இதைக் கேட்ட நாளிலிருந்து தபால்காரர் சில காலைகளில் பெஞ்சுக்கு வந்ததும், "வீட்டுல பதினொண்ணு ஏத்திட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொள்வார். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

ஆயாவுக்குப் புயல்களின் பெயர் எதுவும் நாக்கில் நிற்பதில்லை. எல்லாப் புயலும் 'அவன்'தான். "அவன் எங்க நிக்கிறானாம்? நவுர்றானா, இல்லியா?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் நகராமல் சென்னைக்குப் பக்கத்துக் கடலிலேயே நின்று இரண்டு நாள் கொட்டிவிட்டுப் பாபட்லாவில் போய்க் கரையேறியபோது, அவனை ஆயா திட்டிய திட்டு எந்த அறிக்கையிலும் வரவில்லை. 2016இல் வந்த வர்தா ஒன்றுக்கு மட்டும் அவரிடம் பெயர் உண்டு. பேத்தி பிறந்த வருஷம் அது. அவளுக்கு எந்த வகுப்பில் சீட்டுக் கேட்பது என்பதைக்கூட வர்தாவை வைத்துத்தான் சொல்வார்.

2024 அக்டோபர் விவகாரம் இன்னும் எங்கள் பெஞ்சில் முடியவில்லை. மழை வரப்போகிறது என்றதும் சென்னையில் வேளச்சேரிக்காரர்கள் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். 15ஆம் தேதி மழை நன்றாகவே பெய்தது. சிவப்பு எச்சரிக்கை கொடுத்த 16ஆம் தேதி, வானம் சும்மா இருந்தது. 17ஆம் தேதி காலையில் அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே, அதாவது கிட்டத்தட்ட எங்கள் வாசல் வழியாக, கரையேறிப் போனது. தம்பிக்கு அன்று முகத்தில் ஈயாடவில்லை. "எச்சரிக்கை பொய்யாப் போனா நல்லதுதானேப்பா. மெய்யாப் போனாத்தான் நட்டம்" என்று ஆயா சமாதானம் சொன்னார். நானும் அந்தக் கட்சிதான். சும்மா போன சிவப்பு எச்சரிக்கையைக் கிண்டல் செய்கிறவர்கள், 2015 டிசம்பரில் சென்னை எப்படி இருந்தது என்று அங்கே முதல் மாடிவரை தண்ணீர் பார்த்த யாரையாவது கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

எங்களுக்கு இன்னொரு வசதி, பக்கத்து வீட்டிலேயே ராக்கெட் விடுகிறார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு பெஞ்சில் இடம் கிடைக்காது. 2024 பிப்ரவரி 17 சாயங்காலம் ஜி.எஸ்.எல்.வி. ஒன்று இன்சாட்-3டிஎஸ் என்ற செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போனது. வானிலையைக் கண்காணிக்கவென்றே செய்த செயற்கைக்கோள். தூக்கிப்போன ராக்கெட்டுக்கு, முன்பு சிலமுறை மக்கர் பண்ணியதால், சேட்டைக்காரப் பையன் என்று பட்டப்பெயர். அன்றைக்குப் பையன் ஒழுங்காக நடந்துகொண்டான். நாட்டுக்கே மழை சொல்லப்போகிற ஆள் எங்கள் ஏரிக்குப் பக்கத்திலிருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் உட்காரக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் குடை எடுத்துக்கொண்டு வருவதா வேண்டாமா என்று நாங்கள் நாலு பேரும் நாலு விதமாக முடிவு செய்து வந்திருந்தோம்.

ஏரியின் நடுவே மாநில எல்லை ஓடுவதில் இன்னொரு வேடிக்கை. பெரும்பகுதி ஆந்திராவில், சிறுபகுதி நம்மிடம். தெற்குக் கரைக்கு அறிக்கை சென்னையிலிருந்து, வடக்குக் கரைக்கு அமராவதியிலிருந்து. ஏரிக்கு மேலே நிற்கிற மேகம் ஒன்றுதான். அது தமிழில் மிதமாகப் பெய்வதா, தெலுங்கில் கனமாகப் பெய்வதா என்று அது யாரைக் கேட்கும்?

வெயில் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். எங்கள் பேச்சுக்கு அந்தத் தடை பொருந்தாது. கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்பது ஒன்றே அப்போது விசாரணைக்கு வரும். வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை ஊருக்குப் போயிருக்கும். மிச்சம் இருக்கிற காகத்தை வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

ஜனவரி வந்தால்தான் குழுவுக்கு மானப் பிரச்சினை. 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளையெல்லாம் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பதினைந்து நிமிஷம் வானிலை பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. மழை ஓய்ந்துவிட்ட மாதம் என்பதால் பேச ஒன்றும் இருக்காது என்று நினைத்தால், பனி வந்துவிடும். போகி மூட்டமும் சேர்ந்துகொண்டால் ஏரி இருக்கிறதா என்பதே சந்தேகம். வெள்ளையாக நிற்பது பூநாரையா, பனியா என்று ஒரு கட்சி. எதுவானாலும் ஏழரைக்கு விலகிவிடும் என்று இன்னொரு கட்சி. விலகியதும் கூட்டத்தை எண்ணுவோம். பெரிய கூட்டத்தில் ஒரு பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அப்படி எத்தனை பத்து என்று மதிப்பிடுவதுதான் முறை. வாத்தியார் அப்படித்தான் எண்ணுவார். தபால்காரர் ஒவ்வொன்றாக எண்ணுவார். பாதியில் கூட்டம் பறந்துவிட்டால் முதலிலிருந்து. தம்பி படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுவான். மூன்று எண்ணும் சேராது. பெரியவரிடம் கேட்டோம். "நெறைய கீது, போட்டுக்க" என்றார். மூன்று எண்களுக்கும் அது பொருந்தியது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் பழவேற்காட்டுக்கு வாருங்கள். பொன்னேரி வரை புறநகர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். பூநாரையைப் பார்க்கிறேன் என்று கூட்டத்துக்கு நடுவே படகை விரட்டாதீர்கள். அது சாப்பிடுகிற நேரம். மேகமாக இருக்கிற நாளில் ஆயாவிடம் கருவாட்டுக்குப் பேரம் பேசாதீர்கள். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வழி கேளுங்கள், நண்டு விலை கேளுங்கள், டச்சுக் கல்லறை கேளுங்கள், எல்லாம் சொல்வோம். மழை வருமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.